இன்னொரு தலை

தேக்காச் சந்தையில் காலை ஆறரை.
மீன்காரர் தலையைத் தூக்கிக் காட்டினார்:
என் இரண்டு கைக்கும் அடங்காத சிவப்பு மீன் தலை.
"எத்தனை பேருக்கு?"
"எட்டு. வந்தால் ஒன்பது."
"அப்ப பத்தாது" என்று
இன்னொரு தலையையும் பையில் போட்டார்.
விலை சொல்லும்போது மட்டும்
என் முகத்தைப் பார்க்கவில்லை.

யீஷூன் வரை ரயிலில்
எனக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

தமயந்தி இரவுப்பணி முடித்து வந்து
ஒரு கண்ணால் தூங்கிக்கொண்டே
சின்ன வெங்காயம் உரித்தாள்.
"லீவு நாள்ல எதுக்கு எட்டுப் பேரைக் கூப்பிட்ட?"
"ஏழு பேரைத்தான் கூப்பிட்டேன்.
எட்டாவது ஆள் நீ."
உரித்த வெங்காயம் ஒன்று
என் நெற்றியைத் தாக்கியது.
கழுவி, அதையும் சட்டியில் போட்டேன்.

வெந்தயம் சிவந்து, கறிவேப்பிலை வெடித்து,
புளிக்கரைசல் மசாலாவோடு சண்டை முடித்துச்
சமாதானத்துக்கு வரும் நேரம்
நீலச் சுடர் ஒருமுறை விக்கியது.
அவ்வளவுதான்.
சிலிண்டரை ஆட்டினேன். தட்டினேன்.
கெஞ்சியும் பார்த்தேன்.
கேஸ் கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார்:
"ஞாயிற்றுக்கிழமை இல்லையா, நாலு மணி ஆகும்."

மணி பதினொன்றரை.
குழம்புக்கு மேலே தலைநீட்டி
பாதி வெந்த மீன்
ஒரு கண்ணால் என்னை விசாரித்தது.

"கடையில வாங்கிக்கலாம்" என்று
நான் வாய் திறப்பதற்குள்
இழையினி நடைபாதையில் ஓடி
வரிசையாய்க் கதவு தட்டிக்கொண்டிருந்தாள்.
ஒன்பது வயதுக்கு வெட்கம் தெரியாது.
நல்லவேளை.

ஹஸ்னா அக்கா அடுப்பில் ஏற்கெனவே ரெண்டாங்.
பக்கத்துச் சுடரைச் சோற்றுக்குத் தந்தார்,
கேட்காமலே பாண்டான் இலையை
முடிச்சுப் போட்டு உள்ளே இறக்கினார்.

குழம்போ கோ வீட்டுக்கு.
பதினொரு வருடமாய் மின்தூக்கியில்
"இன்னைக்கு ரொம்ப வெயில்" என்பதைத் தாண்டி
நானும் அவரும் பேசியதே இல்லை.
கரித்துணியால் சட்டியின் காதைப் பிடித்து,
சைக்கிள், செருப்பு அலமாரி, அவர் பூந்தொட்டி
எல்லாவற்றையும் சுற்றி வளைத்து நான் நடக்க,
"வழி! வழி!" என்று மகள் முன்னே போக,
ஏதோ சாமி புறப்பாடுபோல
மாடி முழுக்கத் தலைகள் எட்டிப் பார்த்தன.

கோ தன் நூடுல்ஸ் சட்டியை இறக்கிவிட்டு
அடுப்பைத் துடைத்துக் கொடுத்தார்.
பக்கத்திலேயே நின்றார்.
கொதி வந்ததும் கரண்டியில் எடுத்து ஊதி,
நாக்கில் வைத்து, கூரையைப் பார்த்து யோசித்து,
குளிர்பெட்டியிலிருந்து
அரை அன்னாசிப்பழம் எடுத்து வந்தார்.

என் குழம்பில் அன்னாசியா?
ஆனால் அடுப்பு அவருடையது.

கூப்பிட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள்.
அணைந்த அடுப்பைப் பார்த்துத் திகைத்த குணாளன்
மூக்கை நம்பி நடந்து கோ வீட்டை அடைந்தான்.
விமான நிலையத்தில் என்னோடு பெட்டி தூக்கும் சோ வின்
ஹஸ்னா அக்கா சமையலறையில் அப்பளம் பொரித்து,
இரண்டுக்கு ஒன்று தின்று தீர்த்தான்.

எட்டு, பதின்மூன்றானது.
இலைகளைப் பாதியாய்க் கிழித்தோம்.
அன்னாசி சரிதான் என்று
வாய்விட்டு ஒப்புக்கொள்ள
எனக்கு நான்கு கவளம் பிடித்தது.

கோ தலையைப் பிளந்து
கன்னத்துச் சதையை, அந்த வழுவழுப்பான ஒரு துண்டை,
நோகாமல் நெம்பி எடுத்து
தன் இலைக்குப் போகாமல் கை நீட்டி
தமயந்தி இலையில் வைத்தார்.
"ராத்திரி முழுக்க வேலை" என்றார்.
எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.
பதினொரு வருடம்
அந்தச் சுவருக்குப் பின்னால்
எங்கள் கதவு திறக்கும் நேரம் கேட்டிருக்கிறது.

அவள் சாப்பிட்ட கையோடு,
மஞ்சள் விரலைக் கழுவாமலே
நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.
சத்தத்தை யாரும் குறைக்கவில்லை.
அவளுக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

நாலரைக்குச் சிலிண்டர் வந்தது.
கேஸ்காரர் வாசலில் நின்று
பதின்மூன்று ஜோடிச் செருப்பை எண்ணி,
எங்கே இறக்குவது என்றார்.
அடிச்சட்டியில் கெட்டிக் குழம்பு,
இரண்டாவது தலையில் பாதி,
ஒரு அப்பளம் மிச்சம்.

அதை அப்புறம் மாட்டலாம்,
முதலில் கையைக் கழுவுங்க.